மூன்று கணினிகளைத் துண்டித்த தாளாளர்

ஐந்தில் இரண்டு எப்போது பெரும்பான்மை ஆகும், சொல்லுங்கள் பார்ப்போம்?

வினாடி வினா அணிக்குப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுச் செம்மலரைத் தலைவியாக்கினார்கள். அந்த முடிவைப் பள்ளியின் ஐந்து கணினிகள் காத்தன. குறைந்தது மூன்று கணினிகள் ஒப்பினால்தான் அதை மாற்ற முடியும். அந்த ஓட்டெடுப்பில் தன் மகன் தோற்றதைப் பொறுக்காத தாளாளர், தன் அறையிலிருந்த இரண்டை விட்டு, மற்ற மூன்றின் இணைப்பையும் பிடுங்கினார். அந்த இரண்டில் மகன் பெயரைப் போடப் பார்த்தார்; மூன்று ஒப்பாததால் அவை மாற்ற மறுத்தன.

"இருக்கிற ரெண்டு போதும்னு விதியைத் திருத்துய்யா," என்று கணினி ஆசிரியரை அதட்டினார்.

அங்கே நின்ற செம்மலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்ல விதிதான் சார். நிர்வாகக் குழுவிலயும் அஞ்சு பேர்தானே? உங்களையும் சேர்த்து மூணு பேரை வெளியே வச்சுப் பூட்டிட்டா, மிச்ச ரெண்டு பேர் உங்களையே மாத்திடலாம்."

வாசலில் நின்ற அந்தக் குழுவின் உறுப்பினர்கள் இருவர் ஒருவரையொருவர் யோசனையோடு பார்த்துக்கொண்டார்கள். தாளாளர் தாமே குனிந்து இணைப்புகளைச் செருகினார்.

செம்மலர் தன் அணிக்கு முதல் ஆளாக அவர் மகன் பிரதீபனைத் தேர்ந்தெடுத்தாள்.