சிவப்பு பட்டன்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சிஷ்யருக்கு அறுபத்தாறு. அதற்கு நான் என்ன செய்யட்டும், நடந்தது அப்படி.

குரு நசீமா. நாகப்பட்டினத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். தினமும் மாலை நான்கு மணிக்கு முதியோர் இல்லத்துக்கு வந்து, அங்கே இருப்பவர்களுக்கு வீடியோ கால் பேசக் கற்றுத்தருவார். சிஷ்யர் வைத்தியலிங்கம், அதே இல்லத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நசீமாவிடம் கற்றுக்கொண்டு, அவருக்கே ஒத்தாசையாக வந்து நின்றவர். நசீமாவை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

இல்லத்தில் இருந்தது ஒரே ஒரு டேப்லெட். அதன் முன்னால் எப்போதும் ஐந்தாறு பேர் வரிசை.

அந்த வரிசையைக் கெடுத்தவர் சௌந்தரவல்லி அம்மாள். எழுபத்தொன்பது வயது. பினாங்கில் இருக்கும் பள்ளித் தோழி லூர்துமேரியோடு பேசுவார். பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம்தான் கூத்து.

"சரிடி, வை."

"நீ வை."

"நீ முதல்ல வைடி."

இப்படியே இருபது நிமிடம். இரண்டு பேரும் வைத்தால்தானே!

"என்ன பெரிய வித்தைம்மா? சிவப்பு பட்டன். ஒரு அமுக்கு" என்று வாத்தியார் பதினோரு நாள் சொல்லிக்கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் பொறுமை போய், கையை நீட்டி அவரே அமுக்கிவிட்டார்.

மறுநாளிலிருந்து சௌந்தரவல்லி அம்மாள் வரவில்லை. பினாங்கு அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது. போய்ச் சொன்னால், "தலை வலிக்குது" என்பார்.

ஐந்தாம் நாள் லூர்துமேரியின் மகன் செய்தி அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை இதய ஆபரேஷன், அதற்குள் ஒரு தடவை சௌந்தரத்தோடு பேச ஆசைப்படுகிறார் என்று. அன்று வியாழக்கிழமை.

வாத்தியார் நசீமாவிடம் திரும்பினார். "நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்? அந்தம்மா மண்டையில ஏறல, நான் அமுக்கினேன். இது ஒரு குத்தமா?"

நசீமா பேச்சை மாற்றினார். "நேத்து நான் கிளம்பறப்ப கேட்ல நின்னீங்களே, ஏன் சார்?"

"வழியனுப்பத்தான்."

"வண்டியை எடுத்த உடனே உள்ள போயிருக்கலாமே?"

"அதெப்படி டீச்சர்? திருப்பத்துல நீங்க திரும்பிப் பார்த்துக் கை காட்டுவீங்க. அங்க ஆள் இல்லன்னா உங்களுக்கு என்னவோ மாதிரி இருக்காதா?"

"வாங்க" என்று எழுந்தார் நசீமா.

சௌந்தரவல்லி அம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயோ, நாளைக்கா?"

"ஒரு வார்த்தை பேசுங்கம்மா."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசுவேன்? அவ 'போயிட்டு வரேண்டி'ன்னு வாயத் தொறக்குறா, இவரு படக்குனு அமுக்கிட்டாரு. வாசல்ல நிக்கிறவ மூஞ்சியில கதவச் சாத்துன மாதிரி. பேசினா மறுபடியும் வைக்கணுமே. ஆஸ்பத்திரிக்குப் போறவள நான் எப்படிம்மா வெட்டி விடுவேன்?"

கதவருகே நின்ற வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க வைக்கவே வேணாம்மா" என்றார் நசீமா.

டேப்லெட்டை எடுத்துப்போய் வராந்தாவின் ஒரு கோடியில் ஸ்டாண்டில் நிறுத்தினார். எதிரே நாற்காலி போட்டார். பினாங்கு உடனே எடுத்தது.

"செத்துட்டியோன்னு நெனச்சேண்டி, பாவி!"

"நீ இருக்கையில நான் எப்படிடி சாவேன்?"

அழுதார்கள். சிரித்தார்கள். ஆறாம் வகுப்பில் யார் யாருடைய கொடுக்காப்புளியைத் திருடித் தின்றது என்று சண்டை போட்டார்கள். வரிசையில் இருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை, அவர்களுக்கும் யார் திருடி என்று தெரிய வேண்டியிருந்தது.

நேரமானதும் நசீமா அம்மாளின் காதில் ஏதோ சொன்னார். அம்மாள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"லூர்து, நான் கெளம்புறேண்டி. இப்படியே நடந்து போறேன், நீ பாத்துக்கிட்டு இரு. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வரேன். நல்லபடியா வந்து ஒக்காந்திரு."

"வரேண்டி. நீ பாத்துப் போ, வழுக்கிடப்போவுது."

அம்மாள் கைத்தடியை ஊன்றி வராந்தாவில் நடந்தார். திருப்பத்தில் நின்று, திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். பினாங்கிலும் ஒரு கை ஆடியது. பிறகு அவர் சுவருக்கு அந்தப் பக்கம் மறைந்தார்.

வாத்தியார் விரலை நீட்டினார்.

"இருங்க சார். அவங்க உள்ள போகட்டும்."

திரையில் லூர்துமேரி காலி வராந்தாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைச் சிந்தினார். "கெட்டிக்காரி" என்று தனக்குள் சொல்லிச் சிரித்தபடி மெல்ல எழுந்து போனார். இப்போது அங்கே ஒரு நாற்காலியும் ஒரு ஜன்னலும்தான் இருந்தன.

"இப்ப அமுக்கலாம் சார்."

வாத்தியாரின் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. வரிசையில் யாரோ இருமினார்கள்.

"டீச்சர், நீங்களே அமுக்குங்களேன்."

நசீமா அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பெரிய வித்தை சார்? சிவப்பு பட்டன். ஒரு அமுக்கு."