கடல்நீர்த் தொட்டியில் பூஜ்யம்

"பாசி போகமாட்டேங்குதும்மா" என்றார் திருவேங்கடம்.

அவர் முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கே ஓர் ஆசிரியை தேவைப்பட்டது. கொளத்தூரில் தொட்டியில் வளர்க்கும் கடல்மீன்களை விற்கும் கடை வைத்திருந்த ஜெனோவாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

ஜெனோவா நிமிரவில்லை. வடிகட்டியின் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அவர் செய்ததையெல்லாம் சொன்னார். தினமும் காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷால் கல் கல்லாகத் தேய்க்கிறார். விளக்கு எரியும் நேரத்தைப் பாதியாக்கிவிட்டார். பாசி தின்னும் நத்தைகள் இருபது வாங்கி விட்டார். தேய்த்த மூன்றாம் நாளே பாசி முடி முடியாக முளைத்துவிடுகிறது. தொட்டியில் ஒரு பவளம் இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவில் பச்சையாகப் பூக்கும். நாற்பது மொட்டு இருந்தது. பாசி மூடி மூடி இப்போது ஆறுதான் மிச்சம்.

"மீன் போனாக்கூடப் பரவாயில்லை. அந்தப் பவளம் சாகக் கூடாது."

"ஏன் சார்?"

"பழசு" என்றார்.

நைட்ரேட் எவ்வளவு என்று கேட்டாள். மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் அழுகித் தண்ணீரில் சேருவது அது. பாசிக்கு அதுதான் உரம்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வரைபடத்தாளை எடுத்து விரித்தார். ஒரு வருடத்துக் கோடு தரையோடு தரையாக ஓடியிருந்தது.

"பூஜ்யம்."

"அப்ப பாசி எதைத் தின்னுது?"

அவர் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். தாளை மடித்தார்.

"தெரிஞ்சதும் வாங்க."

மறுவாரம் வந்தார்.

"பாசியே எல்லாத்தையும் குடிச்சிடுது. அது குடிச்சது போக மிச்சத்தைத்தான் நான் அளக்கிறேன்."

"மார்க் போடலாம்" என்றாள் ஜெனோவா. "ஊத்திக் கொடுக்கிறது யாரு?"

தீனி போடுவது தான் ஒருவன்தான் என்றார். காலையில் ஒரு சிட்டிகை, அதுவும் தராசில் நிறுத்து. மனைவி தொட்டிப் பக்கமே வரமாட்டாள்.

"எங்க வீட்ல ரெண்டு வருஷமா ஒரு சத்தம் கிடையாது. ஒரு சண்டை கிடையாது."

"அதுவும் பூஜ்யமா சார்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நாலு நாள் தீனியே போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் போன் செய்தார். பாசி முன்னைவிடச் செழித்திருக்கிறது, உங்கள் வைத்தியம் பலிக்கவில்லை என்றார்.

ஜெனோவா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரில் போனாள்.

தொட்டி கூடத்தில் இருந்தது. உள்ளே இருந்த பவளக் கல்லை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு பெண்ணுக்கு அவள் கையால் விற்றது.

மனைவி அலமேலு ஒரு டம்ளர் காபியை ஜெனோவாவின் கையில் கொடுத்தாள். இன்னொன்றை மேசைமேல் வைத்தாள்.

"ஆறிடும்னு அவர்கிட்ட சொல்லும்மா."

அவர் மூன்றடி தள்ளி நின்றிருந்தார்.

"பாத்துட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

ஜெனோவா யாரிடமும் எதையும் சொல்லவில்லை. மீன்களைப் பார்த்தாள். நாலு நாள் பட்டினி கிடந்த மீன்கள் வயிறு புடைத்து இருந்தன. திருவேங்கடம் கிட்டே வந்ததும் தீனிக்கு வாயைத் திறந்துகொண்டு இடது மூலைக்கு ஓடின. அலமேலு டம்ளரை எடுக்க வந்ததும் அதேபோல் வலது மூலைக்கு ஓடின.

"நீங்க எப்பம்மா போடுவீங்க?"

அலமேலு சமையலறைக்குப் போனாள். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு தீனி டப்பாவை எடுத்து வந்தாள்.

தினமும் சாயங்காலம், அவர் நடக்கப் போகும் நேரத்தில் போடுவாளாம். தராசில் நிறுத்துப் போடுவது எந்த மீனுக்குக் காணும்? இந்த நாலு நாளும் மூன்று வேளை போட்டிருக்கிறாள்.

"இவர் நிறுத்திட்டார்னு பார்த்தேன். அவளைத்தான் வாசல்ல நிறுத்தினார், அவ விட்டுட்டுப் போனதையும் பட்டினி போடறார்னு நினைச்சேன்."

அவள் என்பது கோதை, அவர்களுடைய ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இந்த வாசலை மிதிக்காதே என்றார் அப்பா. அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசவில்லை. தொட்டியும் மீனும் பவளமும் கோதை வாங்கி வைத்தவை.

திருவேங்கடம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு கை போட்டா போதும்" என்றாள் ஜெனோவா. "எந்தக் கைன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

பவளக் கல்லை வெளியே எடுத்தாள். தண்ணீர்ப் பையில் போட்டு முடிந்தாள். ஆறு மொட்டும் மூடிக்கொண்டன.

இருவரில் யாரும் தடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தார். பாசி போய்விட்டது, கல்லெல்லாம் கழுவிவிட்டதுபோல் இருக்கிறது என்றார்.

"பேசினீங்களா?"

அதற்கு அவசியமே வரவில்லை என்றார். ஒற்றைப்படைத் தேதி தனக்கு, இரட்டைப்படைத் தேதி அலமேலுவுக்கு என்று காலண்டரில் எழுதி வைத்தார். அவளும் பார்த்து நடந்துகொண்டாள். முப்பத்தொன்றாம் தேதியும் ஒன்றாம் தேதியும் அவருக்கே சேர்ந்து வந்தன. முப்பத்தொன்றை அவள் பேனாவால் அடித்திருந்தாள். நியாயம்தான் என்று அவரும் அன்று தீனி போடவில்லை.

"இப்பப் பவளத்தைக் கொடுங்கம்மா."

"வாங்கினவங்களுக்குப் போன் பண்ணினேன், வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க சார்."

அவர் கையிலிருந்த வரைபடத்தாளை மடித்தார். மறுபடி விரித்தார்.

"எங்களைப் பத்திக் கேட்டாளா?"

"வீடு எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பூஜ்யம்னு சொன்னேன்."