ஏழு முறை சொன்ன 'ஆம்'

குருவுக்கு வெண்தாடியும் சீடருக்கு இளமையும் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கதையின் குரு ஹெப்சிபாவுக்கு வயது முப்பத்து மூன்று. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்துக்குப் பொறுப்பாளர். சீடர் தவசிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. ராணுவத்தில் இருபது வருடம் வயர்லெஸ் இயக்கியவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று, கணினி பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கேட்டார்.

"மேடம், புளூடூத் இணையலேன்னா முதல்ல எதப் பாக்கணும்?"

"இன்னிக்கு இங்க பரீட்சை. எதாவது ஒண்ணு இணையாமப் போகும். அப்பப் பாப்போம்," என்று குரு டீயைக் குடித்தார்.

ஒன்பதரைக்கு அது நடந்தது.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான தேர்வு. பார்வையற்றவரான இசக்கியம்மாளுக்கு, வயது வரம்புப்படி, இதுவே கடைசி வாய்ப்பு. கணினியில் வரும் கேள்விகளை அவருடைய கையடக்க பிரெய்ல் கருவி புள்ளிகளாக எழுப்பித் தரும். விரலால் படித்து, அதிலேயே பதிலும் அடிப்பார். பத்து மணிக்குள் கருவி கணினியோடு இணையாவிட்டால், சொல்லச் சொல்ல எழுதும் உதவியாளர் ஒருவரை ஏற்க வேண்டும். அவர் பேனாவோடு வாசலில் தயாராக நின்றார்.

"போன தடவ வந்தவரு நான் சொன்னத எழுதல. அவருக்குத் தெரிஞ்சத எழுதுனாரு," என்றார் இசக்கியம்மாள். "அவருக்கு ஒண்ணும் தெரியல."

"பதட்டப்படாதீங்கம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

தவசிமுத்து கருவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அறையின் மறுகோடியில் இருந்த கணினிக்குப் போனார்.

கணினி கருவியைக் கண்டுபிடித்தது. ஆறு இலக்க எண் ஒன்றைத் திரையில் காட்டி, கருவியில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றா என்று கேட்டது. தவசிமுத்து 'ஆம்' என்பதை அழுத்தினார். அரை நிமிடம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்றது.

கருவியை அணைத்துப் போட்டார். கணினியை அணைத்துப் போட்டார். மின்விசிறியை நிறுத்தினார். இமயமலையில் சிக்னல் தேடிய பழக்கத்தில், கருவியைத் தலைக்கு மேல் தூக்கியும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கணினி புதிய எண்ணைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டது. ஒவ்வொரு முறையும் அவர் 'ஆம்' என்றார். மொத்தம் ஏழு முறை.

"கருவிய எங்கிட்டக் குடுங்க சார்," என்றார் இசக்கியம்மாள், இரண்டாவது தடவையாக.

"பதட்டப்படாதீங்கம்மா."

"நான் பதட்டப்படல. உங்க மூச்சு இங்க வரைக்கும் கேக்கு."

ஒன்பது ஐம்பதுக்குத் தேர்வு மேற்பார்வையாளர் உதவியாளருக்கான படிவத்தை எடுத்து வைத்தார். அப்போது ஹெப்சிபா உள்ளே வந்தார்.

"என்ன ஹவில்தார் சார்?"

"கருவி செத்துப் போச்சு மேடம். எதுக்கும் பதில் சொல்ல மாட்டேங்குது."

"கம்ப்யூட்டர் என்ன கேக்குது?"

"ரெண்டு எண்ணும் பொருந்துதான்னு. ஆமான்னு சொல்லிட்டேன்."

"எதோட பொருந்துச்சு?"

தவசிமுத்து கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல திரையே இல்லையே மேடம்."

குரு கருவியை எடுத்துப்போய் இசக்கியம்மாளின் கைகளில் வைத்தார். திரும்பி, "இன்னொரு தடவ இணைங்க," என்றார்.

திரையில் புதிய எண் வந்தது. தவசிமுத்துவின் விரல் பழக்கத்தில் 'ஆம்' மீது போய், நின்றது.

இசக்கியம்மாளின் விரல்கள் கருவியின் மேல் மெல்ல நகர்ந்தன.

"ஏழு... மூணு... சைபர்... நாலு... ஒண்ணு... ஆறு. சரியான்னு கேக்குது."

தவசிமுத்து திரையைப் படித்தார். மறுபடியும் படித்தார். "சரிதாம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

இசக்கியம்மாள் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினார். தவசிமுத்து எட்டாவது முறையாக 'ஆம்' என்றார்.

கணினி மணியடித்தது. கருவியில் புள்ளிகள் படபடவென்று எழுந்தன. இசக்கியம்மாள் அறைக்கே கேட்கும்படி உரக்கப் படித்தார்:

"தேர்வர் பெயர், எஸ். இசக்கியம்மாள். தேர்வு தொடங்க ஆறு நிமிடங்கள் உள்ளன."

மேற்பார்வையாளர் தன்னையறியாமல் கைதட்டிவிட்டு, அது விதியில் உண்டா என்ற யோசனையோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு மணிக்குத் தேர்வு முடிந்தது. நூறு கேள்விகளுக்கும் பதில் எழுதி, கால் மணி நேரம் மிச்சம் வைத்திருந்தார் இசக்கியம்மாள். வாசலில் நின்ற உதவியாளரிடம், "பேனா மூடியத் தொறக்கவே இல்லயோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அவர் போவதைப் பார்த்துக்கொண்டே தவசிமுத்து சொன்னார்:

"மேடம், காலைல கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. இணையலேன்னா முதல்ல எதப் பாக்கணும்?"

குரு மின்விசிறியைப் போட்டார்.

"அத யாரு கையிலருந்து வாங்குனோம்னு."