கடைவாய்ப் பல்லில் ஒரு வாய்க்கால்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் நாளை நான் கடிக்கிற முதல் முறுக்கு, மிச்சமிருக்கும் ஒற்றைப் பல்லையும் கையோடு கூட்டிக்கொண்டு போகட்டும்.

மந்தக்குளம் சோணமுத்துவுக்கு இடது கடைவாய்ப் பல்லில் வலி. டவுன் டாக்டர் குடைந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரூட் கேனால் பாதி முடிஞ்சிருக்கு. இப்போதைக்குத் தற்காலிகமா அடைச்சிருக்கேன். வியாழக்கிழமை வாங்க, அதை எடுத்துட்டு நிரந்தரமா அடைச்சிரலாம்."

அந்த அடைப்பு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியோடு இட்லியாக உள்ளே போய்விட்டது. டாக்டருக்கு அன்றைக்கு லீவு. மகள் பேச்சிக்கனிக்கு அன்றைக்குத்தான் நிச்சயதாம்பூலம். அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்ணைப் பெற்றவர், பையனைப் பெற்றவர் நீட்டும் வெற்றிலையை வாங்கி மென்றுகொண்டே "சம்மதம்" சொல்ல வேண்டும். மெல்லாத வாயின் வாக்குச் செல்லாது. சோணமுத்துவுக்கோ ஓட்டையில் காற்றுப் பட்டாலே உச்சந்தலை தெறித்தது. மகள் கல்யாணம் பல்லில் வந்து நின்றது.

கூட்டாளிகள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். இருளப்பன், ரோடு போடுவதை ஒரு பகல் முழுக்க நின்று வேடிக்கை பார்த்தவன். கருத்தபாண்டி, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன்.

"டாக்டர் என்ன சொன்னாரு அண்ணாச்சி?"

"ரூட் கேனால்னாரு."

"ரூட்டுன்னா பஸ் போற ரூட்டு. தார்தான் ஊத்தணும்" என்றான் இருளப்பன்.

"கேனாலை எங்க வே விட்டீரு? கேனால்னா வாய்க்கால். வாய்க்குள்ள கிடக்கப்போய்த்தான் அதுக்கு வாய்க்கால்னே பேரு. களிமண்ணும் வைக்கோலும் வச்சு மடையை அடைக்கணும்" என்றான் கருத்தபாண்டி.

"தற்காலிகமானு சொன்னாரப்பா" என்று முனகினார் சோணமுத்து.

இருவரும் யோசித்தார்கள்.

"நம்ம ஊர்த் தார் முதல் மழை வரைக்கும் தாங்கும்."

"நான் அடைச்ச மடை, அடுத்த வயக்காரன் மம்பட்டியோட வாரவரைக்கும்தான்."

அதைவிடத் தற்காலிகம் உலகத்தில் கிடையாது என்று முடிவாயிற்று. கருத்தபாண்டி களிமண்ணைக் குழைத்து, வைக்கோல் சேர்த்து, கட்டைவிரலால் அமுக்கினான். சோணமுத்துவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"கேனால்ல தண்ணி வந்துட்டு" என்றான் கருத்தபாண்டி, திருப்தியாக.

இருளப்பன் மட்டும் ஒப்பவில்லை. "ரூட்டுல வேலை நடந்தா அடையாளம் வைக்கணும் வே. இல்லைன்னா வெத்தலை தெரியாம வந்து குழிக்குள்ள விழுந்துரும்." பல்லில் நூல் கட்டி, ஒரு சிவப்புத் துணியை உதட்டுக்கு வெளியே தொங்கவிட்டான். இடது கன்னத்தில் கரியால் ஒரு அம்புக்குறி போட்டு, 'மாற்றுப் பாதை, வலது பக்கம்' என்று எழுதினான்.

மாப்பிள்ளையின் அப்பா அழகுமலை லாரி ஓட்டியவர். ஆயுசுக்கும் ரோட்டோரப் பலகையை மீறாதவர். வெற்றிலைத் தட்டோடு வந்து சோணமுத்துவின் முகத்தைப் பார்த்தார். சிவப்புத் துணியைப் பார்த்துச் சட்டென்று நின்றார். கன்னத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்படியே ஒடித்துத் திரும்பி, சோணமுத்துவுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்த கருத்தபாண்டியிடம் தட்டை நீட்டினார்.

கொடுத்த வெற்றிலையை மறுக்கிற பழக்கம் கருத்தபாண்டிக்கு இல்லை. மென்றான். "சம்மதம்" என்றான். பெண்கள் குலவை போட்டார்கள். பையன் வீட்டார் கிளம்பிப் போய்விட்டார்கள்.

சோணமுத்து களிமண்ணைத் துப்பினார். "எலேய், பொண்ணு என் மகளாச்சே. சம்பந்தம் உனக்குப் போயிட்டே. நீ கல்யாணமே கட்டாதவன்."

"பதறாதீரும் அண்ணாச்சி. அப்பன் இடத்துல என்னைத் தற்காலிகமாத்தான் அடைச்சிருக்கு. வியாழக்கிழமை டாக்டர் எடுத்துருவாரு."

சோணமுத்துவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வியாழக்கிழமை டாக்டரின் நாற்காலியில் கருத்தபாண்டி ஏறிச் சாய்ந்திருந்தான். டாக்டர் அவன் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துத் தேடினார்.

"பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"பல்லுல ஒண்ணுமில்லை ஐயா. முதல்ல என்னை எடுத்துட்டு, அந்தா வாசல்ல கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்காரே, அவரை நிரந்தரமா அடைச்சு விடுங்க. முகூர்த்தம் நெருங்குது."

நீங்கள் சிரிப்பதெல்லாம் சரி. இதை உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று மட்டும் எவரிடமும் வாய்விட்டுவிடாதீர்கள். அந்த டாக்டர் இப்போது மந்தக்குளத்துக்காரன் என்றாலே கதவைச் சாத்துகிறாராம், எனக்கோ நேற்றிலிருந்து இந்த ஒற்றைப் பல் லேசாக ஆடுகிறது.