கபடிக் கழுகும் மாசானமுத்து பேனரும்

புளியங்கோட்டையில் பொய்யே சொல்லாத ஆள் என்று ஒருவர் உண்டென்றால் அது கொம்பையாதான். இதைச் சொன்னதும் கொம்பையாதான்.

ஊருக்கு அவர் கொம்பையா. போனுக்குள் அவர் 'கபடிக் கழுகு'. அந்தப் பெயரில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு சீசன் முடிந்து அடுத்த சீசன் தொடங்கும்வரை எந்த ஆட்டக்காரர் எந்த அணிக்குத் தாவப்போகிறார் என்று தவறாமல் எழுதுவார். தன் படம் போடவேண்டிய இடத்தில் ஒரு கழுகைப் போட்டிருந்தார். எழுதுவதில் பாதி நடக்காது. மீதி நடந்ததா என்று யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அதற்குள் புதிதாக ஒன்று வந்துவிடும்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் போட்ட செய்தி இது: 'மாசானமுத்து போகிறார். பொருநை வேங்கைகள் விட்டுக்கொடுத்தது, நாக்பூர் அள்ளிக்கொண்டது. டீல் முடிந்தது.'

பார்த்ததும் பூதத்தான் ஆபீஸைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். மாசானமுத்து ரசிகர் மன்றத்துக்குச் செயலாளர் அவர். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார் என்று பெயர், நடத்துவது மன்றம்தான். மாசானம் உள்ளூர்ப் பையன். சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து அவனை முதல் மேட்சுக்குக் கூட்டிப் போனது பூதத்தான். இன்று அவன் பொருநை வேங்கைகளுக்கு முதல் ரெய்டர். கொடைக்கு எங்கே இருந்தாலும் வந்துவிடுவான், சாயங்கால மேட்சில் முதலில் 'கபடி கபடி' என்று பாடிப்போவது அவன்தான். அவன் முகம் போட்ட பேனர் ஊர் நுழைவு வளைவில் நிற்கும். அதன் கீழே நடந்து கோயிலுக்குப் போகும்போது அவன் அம்மாவின் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அந்த பேனர் இன்று சாயங்காலத்துக்குள் அச்சாக வேண்டும். சாரம் கட்டுகிறவர்கள் வந்து காத்திருக்கிறார்கள். மாசானத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், பயிற்சி முகாமில் எல்லார் போனையும் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். 'எங்கள் வேங்கையே வருக' என்று அடித்துவிட்டு அவன் நாக்பூர் போனால் கீழத்தெருக்காரன் வருஷம் பூராவும் சிரிப்பான். அடிக்காமல் விட்டு அவன் போகாமல் இருந்தால் அவன் அம்மா முகத்தில் முழிக்க முடியாது. அதைவிட, அவன் போய்விட்டால் பூதத்தானுக்குக் கொடையும் வேண்டாம், கபடியும் வேண்டாம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் மத்தியானச் சோறு இறங்கவில்லை.

ஜெபராணியின் ஃபிளெக்ஸ் கடையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் பூதத்தான். இன்னொன்றில் மன்றத்தின் துணைத்தலைவர், டயர் கடை இஸ்மாயில். மூன்றாவதில் கூப்பிட்டு வரவழைத்த கொம்பையா, காலை மேலே மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெபராணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியே இருந்தாள். அவளுக்குக் கபடியும் ஒன்றுதான், காதுகுத்தும் ஒன்றுதான். பேரில் பிழை வராமல் இருந்தால் போதும்.

"அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லுங்க. யாரு சொன்னா?" என்றார் பூதத்தான்.

"சமையக்காரன்."

"எந்தச் சமையக்காரன்?"

"நாக்பூர் டீம் சமையக்காரன். நம்ம ஆலங்குளத்துக்காரன்தான். அந்த டீம்ல அம்புட்டுப் பேரும் சப்பாத்தி திங்கிற ஆளு, கேட்டியளா? நேத்து மேனேஜர் வந்து, நாளையிலருந்து ஒரு ஆளுக்குச் சோறு வடின்னிருக்கான். சோறு திங்கிற ரெய்டர் இந்தியாவுல யாரு?"

"இந்தியாவுல பாதிப் பேரு சோறுதான்வே திங்கான்," என்றார் இஸ்மாயில்.

"ஒரு ஆளுக்கு எவ்வளவு வடிக்கச் சொன்னான் தெரியுமா? ஒரு மரக்கா அரிசி. இப்பச் சொல்லு, யாரு?"

மாசானம் சாப்பிடுவதை இஸ்மாயிலும் பார்த்திருக்கிறார்.

மரக்கால் கணக்கு பொய்யென்று தெரிந்தாலும், பையன் அங்கே பசியில்லாமல் இருப்பான் என்று பூதத்தான் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டார். நினைத்ததற்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"போன வருஷம் பஞ்சாப்காரன் ஒருத்தன் நம்ம டீமுக்கு வாரான்னு எழுதினேரே, அவன் எங்க?" என்று மறுபடி பிடித்தார் இஸ்மாயில்.

"வந்தாம்லா."

"எப்பவே வந்தான்? ஒருத்தரும் பாக்கலையே!"

"திருநவேலி ஜங்ஷன்ல இறங்கினான். நாந்தான் போய்க் கூட்டினேன். இட்லி வாங்கிக் குடுத்தேன், வேண்டாம்னுட்டான். இட்லி திங்காதவன் இந்த வெயில்ல எப்படிப் பாடுவான்? அதே ரயில்ல ஏத்தி விட்டுட்டேன். டீம் முதலாளி இன்னிக்கும் போன் போட்டு நன்றி சொல்லுதாரு."

"முதலாளி உமக்கு நேரா போன் போடுவாராக்கும்?"

"அவரு போடாம? யாரை வாங்கியிருக்கோம்னே என் பக்கத்தைப் பாத்துத்தான அவரு தெரிஞ்சிக்கிடுதாரு! ஒரு நாளு நான் காய்ச்சல்ல படுத்துட்டேன். எழுதலை. ரெண்டு டீம்காரனும் கையெழுத்துப் போட்டுட்டு, நடந்துச்சா நடக்கலையான்னு தெரியாம சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்திருக்கான். அப்பொறம் ஈரான் கோச் கூப்பிட்டுக் கேக்கான், 'கொம்பையா, சொகமில்லையா'ன்னு."

"ஈரான்காரன்கிட்ட என்ன பாஷையில பேசினீரு?"

"கபடிக்கு என்னவே பாஷை? நான் 'கபடி கபடி'ன்னேன், அவன் 'கபடி கபடி'ன்னான். நான் சொகமில்லாம இருக்கேன்னு அவனுக்கு வெளங்கிட்டு."

ஜெபராணி திரும்பாமலே, "அண்ணாச்சி, பேனர்ல என்ன எழுத?" என்று கேட்டாள்.

கொம்பையாவுக்குச் சூடு ஏறிவிட்டது. ஒரு ஆள் நம்பினால் ஒரு மாதிரி பேசுவார், நம்பாவிட்டால் அதைவிட நன்றாகப் பேசுவார்.

"மாசானம் மாசானம்ங்கியளே, அவனுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தது யாரு? இந்தக் காலத்துப் பயலுவ அரை நிமிசம் மூச்சைப் பிடிக்கதுக்குள்ள மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குதான். எங்க காலத்துல அம்பாசமுத்திரத்துக்காரனுக்கும் நமக்கும் மேட்ச். அவனுவ வர முடியாதுன்னுட்டான். சரி, நான் வாரேன்னு நம்ம ஊருக் கோட்டுல இருந்து பாட ஆரம்பிச்சேன். 'கபடி கபடி'ன்னு பாடிக்கிட்டே பஸ்ல ஏறுனேன். கண்டக்டர் டிக்கெட்டுன்னு வந்து நிக்கான். வாயத் தொறந்து ஊர்ப் பேரைச் சொன்னா பாட்டு முறிஞ்சிரும்லா? கையைக் காட்டுதேன், அவனுக்கு வெளங்கலை. பக்கத்துல இருந்த ஒரு அம்மாதான், 'ஆளு பாடிப் போறாருய்யா, விடும்'னு எடுத்துச் சொல்லிச்சு. அம்பாசமுத்திரத்துல இறங்கி, டீக்குடிச்சிக்கிட்டு நின்ன நாலு பேரைத் தொட்டேன். அதே மூச்சுல திரும்பி வந்து நம்ம கோட்டை மிதிச்சேன்."

"திரும்பி வாரப்பயும் மூச்சு விடலையா?" என்றார் இஸ்மாயில்.

"திரும்பி வந்தது எக்ஸ்பிரஸ் பஸ்லா."

பூதத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு நாளாக இருந்தால் நாற்காலியோடு விழுந்து சிரித்திருப்பார். இப்போது, இந்த மனுஷர் வாயில் வருவதில் எது பொய், எது மெய் என்று உமியில் அரிசி பொறுக்குகிற மாதிரி பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கிப் பார்த்தால் எல்லாமே உமி. அப்படியும் விட மனம் வரவில்லை.

"இந்த டீலு எப்படி முடிஞ்சிச்சி? அதை மட்டும் சொல்லுங்க."

"நான் முடிச்சி வச்சேன்."

"நீங்களா?"

"ரெண்டு முதலாளியும் நாக்பூர்ல மேசைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உக்காந்துட்டான். ஒருத்தன் இறங்கி வர மாட்டங்கான். கூப்பிடு கொம்பையாவன்னு பிளேன் அனுப்பிட்டான். நான் போயி, மாசானத்துக்குப் பதிலா கார்னர்ல நின்னு பிடிக்கிற ரெண்டு ஆளைக் குடுங்கன்னு பிரிச்சி விட்டேன். கையெழுத்துப் போடப் போனா ரெண்டு பேரு பேனாவும் எழுதலை. என் பேனாவைத்தான் வாங்கிப் போட்டான். சுத்தி நின்ன ஆட்டக்காரனுவ அழுதுட்டான்."

"எதுக்கு அழுதான்?"

"என்னைய விட்டுட்டுப் போக மனசில்லாம."

"போனது நீருதானவே!" என்றார் இஸ்மாயில்.

பூதத்தான் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். வெளியே சாரக்காரர்கள் கம்பை வெயிலில் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். முடிவு எடுத்தாக வேண்டும்.

"ராணி, வழியனுப்புற மாதிரி அடிச்சிரு. 'சென்று வா வேங்கையே'ன்னு. கௌரவமா இருக்கட்டும்," என்றார்.

ஜெபராணி தட்டித் தேடினாள். "போறவங்களுக்குன்னு எங்கிட்ட ஒரு டிசைன்தான் இருக்கு," என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். மாசானத்தின் சிரித்த முகத்தைச் சுற்றிச் சம்பங்கி மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பின்னால் மேகம், மேகத்துக்குள் ஒரு புறா.

"யா அல்லா," என்றார் இஸ்மாயில்.

"விளக்கை எடுத்துரு," என்றார் பூதத்தான். எடுத்தாள். "மாலையை எடு." எடுத்தாள். மேகத்தையும் எடுத்தாள். புறா மட்டும் நின்றது. என்ன எடுத்தாலும் அந்த முகம் கண்ணீர் அஞ்சலி முகமாகவே இருந்தது. விடிந்ததும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு மாசானத்தின் அம்மா அந்த வளைவுக்குக் கீழே வருவாள் என்று நினைத்ததும் பூதத்தான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கீழ யார் யார் படம் போட?" என்றாள் ஜெபராணி. பேனர் என்றால் அதை வைத்தவர்கள் படம் கீழே கும்பிட்டபடி வரிசையாக நிற்கவேண்டும், அது ஊர் வழக்கம். வருஷா வருஷம் அந்த வரிசையில் முகம் வரவில்லை என்று மன்றத்தில் அடிதடியே நடக்கும்.

"என் படம் வேண்டாம்," என்றார் இஸ்மாயில் உடனே. "அந்தம்மா எங்க கடை வழியாத்தான் போவும்."

பூதத்தான் கொம்பையாவைப் பார்த்தார். அந்த நேரம் அவருக்கு மனம் திடீரென்று தெளிந்தது.

"ராணி, அண்ணாச்சி படம் ஒண்ணு போதும். சேதி அவரு சேதி. ஊருக்கு அவரு பொறுப்பு. பெருசாப் போடு, கீழ வீட்டு அட்ரஸும் போட்டுரு."

கொம்பையாவின் கால் நாற்காலியிலிருந்து கீழே இறங்கியது.

"என் படமா? எதுக்குப்பா? கழுகுப் படம் இருக்குல்லா, அதைப் போடு."

"கழுகு வீட்டுக்கு யாரு போய்க் கேப்பா?" என்றார் இஸ்மாயில். "ஆளு படம் வேணும்வே."

"அதுல ஒரு சிக்கல் இருக்கு," என்று கொம்பையா குரலைத் தணித்தார். "என் மொகம் கேமராவுல விழாது. கல்யாணத்துல எடுத்த படத்துல அவ மட்டும்தான் நிக்கா. ஆதார் கார்டுக்கு எடுத்துப் பாத்தான், பின்னால இருந்த செவுருதான் விழுந்துச்சு. வானத்துல சுத்துத சாட்டிலைட்டே என் வீட்டு மேல வந்து ஒரு நாளு நின்னு பாத்துட்டு, முடியலைன்னு போயிட்டு."

ஜெபராணி முதல்முறையாக நாற்காலியோடு திரும்பினாள். கையில் போன் இருந்தது.

"வேண்டாம் தாயி, வேண்டாம்," என்று கொம்பையா இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கூப்பினார்.

'டிக்' என்றது போன்.

"விழுந்துட்டு அண்ணாச்சி," என்றாள். "கும்பிட்ட மாதிரியே வந்திருக்கு. அட்ரஸ் சொல்லுங்க."

கொம்பையா திரையைப் பார்த்தார். மாசானத்தின் முகம், அதற்குக் கீழே ஒரு புறா, அதற்குக் கீழே கும்பிட்டபடி தன்னந்தனியாக அவர். பிறகு தன் போனை எடுத்து, அது அடிக்காமலே காதில் வைத்து, "ம்... ம்... அப்படியா... சரி," என்றார். வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"முறிஞ்சிட்டு."

"எது?" என்றார் பூதத்தான்.

"டீலு. மாசானம் போகலை."

"எப்ப முறிஞ்சிச்சி?"

"இப்பத்தான்."

"யாரு முறிச்சா?"

"வேற யாரு முறிக்க முடியும்? நாந்தான்."

பூதத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். முழுப் பொய் என்று தெரியும். மத்தியானத்திலிருந்து வயிற்றில் கிடந்த கல் அந்தப் பொய்யிலேயே கரைந்து போனதும் தெரிந்தது. எழுந்து போய் இந்த மனுஷரை அறைவதா, கட்டிப்பிடிப்பதா என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. இரண்டும் செய்யாமல், "ராணி, 'எங்கள் வேங்கையே வருக'ன்னு அடி. வளைவு கொள்ளுத அளவுக்குப் பெருசா," என்றார்.

புறா போனது. புலி வந்தது. மெஷின் ஓட ஆரம்பித்ததும் கொம்பையாவுக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. நாற்காலியை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாசானத்தின் தலை மெல்ல மெல்ல வெளியே வருவதைப் பார்த்தார்.

"தாயி, அந்தக் கும்பிட்ட படத்தை இதுல ஒரு மூலையில சேத்துரு. தடுத்து நிறுத்துனவம்லா நான்? ஊரு தெரிஞ்சிக்கிட வேண்டாமா?"

"அழிச்சிட்டேன் அண்ணாச்சி," என்றாள் ஜெபராணி. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மை பட்டுரும்."