வலிக்காமல் சொல்வது எப்படி

"கெட்ட செய்தி ஒண்ணு சொல்லணும். கேக்குறவங்களுக்கு வலிக்காம சொல்லணும். கத்துக்குடுப்பீங்களா?" என்று கேட்டார் அருமைநாயகம்.

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஓசூரில், வண்டிகளுக்கு ஒயர் செட் கட்டிக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் மேனேஜர்.

எதிரே உட்கார்ந்திருந்த மெஹருன்னிசா அவரைவிட இளையவர். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு நடத்துகிறவர். இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகள்தான் அவரிடம் பேசக் கற்றுக்கொள்ள வருவார்கள்.

அதற்கு முன் அவர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தார். ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களிடம் போய், நடந்ததைச் சொல்லும் வேலை. அதைக் கேள்விப்பட்டுத்தான் அருமைநாயகம் படியேறி வந்திருந்தார்.

"என்ன செய்தி சார்?"

"எங்க அசெம்பிளி பிரிவை மூடப்போறாங்க. வேலை வேற மாநிலத்துக்குப் போகுது. இங்க இருக்கிற ஆளுங்களுக்கு வேலை இல்லை."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான்தான் சொல்லணும். மாசக் கடைசிக்குள்ள என்னைக்கு வேணும்னாலும் சொல்லிக்கலாம்னு ஹெட் ஆபீஸ்ல என் பொறுப்பில விட்டுட்டாங்க."

மெஹருன்னிசா எழுந்து போய் அறைக் கதவைத் திறந்து வைத்தார்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க சார். அப்புறம் கத்துக்குடுக்கிறேன்."

அருமைநாயகம் உட்கார்ந்தபடியே இருந்தார். மெஹருன்னிசா விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை.

"கத்துக்காம எப்படி மேடம் சொல்றது?"

"சொல்லிட்டு வாங்க" என்றார் மெஹருன்னிசா மறுபடியும்.

அருமைநாயகத்துக்குக் கோபம் வந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் படியிறங்கினார்.

அடுத்த வாரம் வேறொரு ஆசிரியரைப் பிடித்தார். ரகோத்தமன் என்று பெயர். ஓட்டல் ஹாலில் ஏசி போட்டு, மேனேஜர்களுக்கு மட்டும் வகுப்பு எடுப்பவர். கதவைத் திறந்து வெளியே அனுப்புகிற ஆள் இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார்.

"முதல்ல நன்றி சொல்லுங்க. நடுவுல செய்தி. முடிவுல நம்பிக்கை. அவ்வளவுதான் சார்."

"நான் அறிவிக்கிறதுக்கு முன்னாடியே யாராவது வந்து கேட்டுட்டா? எனக்குப் பொய் வராதே."

"பொய் எதுக்கு சார்? கேள்விக்குப் பதில் சொல்லாதீங்க. கேட்டவரைப் பாராட்டுங்க. சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் உண்மையா இருக்கணும். ஆனா அதை வச்சு உங்களைப் பிடிக்க முடியக்கூடாது."

அருமைநாயகம் நல்ல மாணவர். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகினார். எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது, கையை எங்கே வைத்துக்கொள்வது, எல்லாம் படிந்துவந்தது.

"யார்கிட்ட பேசுறீங்க? குரலே உங்க குரலா இல்லை" என்றார் அவர் மனைவி.

இன்னும் கொஞ்சம் பழகிக்கொண்டு சொல்லலாம் என்று அவர் நாளைத் தள்ளிக்கொண்டே போனார்.

அப்போதுதான் ஒரு நாள் கோமளவல்லி அவர் அறைக்கு வந்தார்.

கோமளவல்லி அதே அசெம்பிளி பிரிவில் செக்கிங் வேலையில் இருந்தார். அவரை ஒயர் கட்டும் மேசையிலிருந்து அந்த இடத்துக்கு உயர்த்தியதே அருமைநாயகம்தான். கோமளவல்லியின் வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார்.

"சார், ராயக்கோட்டை ரோட்டுல புதுசா ஒரு கம்பெனி வந்திருக்கு. சூப்பர்வைசரா கூப்பிடுறாங்க. வியாழக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

"சரிம்மா."

"எனக்கு இங்கேயே பழகிப்போச்சு சார். புது இடம்னா பயமா இருக்கு. நீங்க இருன்னா இருக்கேன். போன்னா போறேன். உங்களைக் கேக்காம நான் எதுவும் செய்யமாட்டேன்."

அருமைநாயகம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசைமேல் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார். கண்ணாடி முன் பழகிய குரல் தானாக வந்தது.

"உங்களை மாதிரி அனுபவம் உள்ளவங்கதான்மா எந்தக் கம்பெனிக்கும் பலம். உங்க உழைப்பை நான் என்னைக்கும் மறக்கமாட்டேன். எந்த முடிவா இருந்தாலும் நிதானமா யோசிச்சு எடுங்க. உங்க நல்லதுல எனக்கு எப்பவும் அக்கறை உண்டு."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

கோமளவல்லியின் முகம் மலர்ந்துவிட்டது.

"போதும் சார். இது போதும். நான் இங்கேயே இருந்துடறேன்."

அருமைநாயகம் தலையை அசைத்தார். என்ன அர்த்தத்தில் அசைத்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. கோமளவல்லி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனார்.

மாதக் கடைசியில் எல்லாரையும் கேன்டீனில் கூட்டி அறிவித்தார்.

அவ்வளவு நன்றாக அவர் வாழ்நாளில் பேசியதில்லை. நன்றி சொன்னார். செய்தியைச் சொன்னார். நம்பிக்கை சொன்னார். யாரும் கத்தவில்லை. யாரும் எழுந்து வெளியே போகவில்லை. பேசி முடித்ததும், பழக்க தோஷத்தில், பின்வரிசையில் சிலர் கைகூடத் தட்டினார்கள். பிறகு தட்டியதற்காக அவர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாரும் கலைந்த பிறகு கோமளவல்லி மட்டும் நின்றார்.

"நல்லா பேசினீங்க சார். அழுகைகூட வரலை."

"கோமளா..."

"நான் வந்து கேட்டேன்ல சார். அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

இப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் ரகோத்தமன் கற்றுக் கொடுத்திருந்தார். அந்த வாக்கியம் அருமைநாயகத்தின் நாக்குவரை வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"தெரியும்மா."

கோமளவல்லி "சரி சார்" என்று சொல்லிவிட்டு, தலையில் மாட்டியிருந்த வலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே தன் மேசைக்குத் திரும்பிப் போனார். ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. உட்கார்ந்து ஒயர்களைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

அருமைநாயகம் அந்தப் புதுக் கம்பெனிக்குப் போன் போட்டார். தன் பெயரையும் பதவியையும் சொன்னார். கோமளவல்லியைப் பற்றி உயர்வாகச் சொன்னார். கெஞ்சவும் செய்தார்.

"அந்த அம்மாவே வேண்டாம்னு சொல்லிட்டாங்களே சார். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு" என்றார்கள்.

மறுநாள் மாலை அவர் மறுபடியும் ஜெராக்ஸ் கடை மாடி ஏறினார்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்லப் பழகிக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லும்போதே குரல் நடுங்கியது. மெஹருன்னிசா அவளைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் போனபின் அருமைநாயகம் உள்ளே வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். இந்தத் தடவை அவர் பேச்சில் முன்னும் பின்னும் ஒழுங்காக இல்லை.



"நீங்க அன்னைக்கே விளக்கமா சொல்லியிருக்கலாம் மேடம். ஏன் உடனே சொல்லணும்னு காரணம் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் மெஹருன்னிசா. "நீங்க கோபமா எறங்கிப்போனப்போ பின்னாடியே ஓடி வந்தாவது சொல்லியிருக்கணும். சொல்லலை."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"இப்பவாவது கத்துக்குடுங்க. கோமளா வந்து அப்படிக் கேட்டப்போ நான் எப்படிச் சொல்லியிருக்கணும்?"

"கேட்டதும் உங்க மனசுல என்ன வந்துச்சு?"

அருமைநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'போயிடும்மா'ன்னு வந்துச்சு."

"அதைவிட நல்லா சொல்ல எனக்கும் தெரியாது சார்" என்றார் மெஹருன்னிசா.