பசு தின்ற நெய்

“உங்க குடல்ல புத்து வச்சது என் நெய்தானே, அம்மை?”

உலகம்மாள் கேட்டேவிட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பூரணி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து ஒரு பூச்சியரித்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

மலையடிவாரத்து மடம் அது. அம்மைதான் குரு. உலகம்மாள் சமையல். வயதில் அம்மைக்கு மூத்தவள், தீட்சையில் அவருக்குச் சிஷ்யை. இவள் அவரை அம்மை என்பாள். அவர் இவளை அக்கா என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குக் குரு என்று புரியவே ஒருவேளைச் சாப்பாடு முடிந்துவிடும்.

போன மார்கழியில் அம்மையின் பெருங்குடலில் புற்று என்று கண்டுபிடித்தார்கள். ஒரு துண்டை வெட்டியெடுத்துவிட்டுத் தைத்தார்கள். கஞ்சியும் ரசமுமாக மாதங்கள் போயின. ஆனி பிறந்த பிறகுதான் டாக்டர், “இனி எல்லாம் சாப்பிடலாம்” என்றார்.

ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ யாரிடமோ சொன்ன ஒரு பேச்சு உலகம்மாள் காதில் விழுந்திருந்தது. ‘கொழுப்பு அதிகமாத் தின்னா குடல்ல புத்து வருமாம்.’

விழுந்தது விழுந்ததுதான். வெளியே வரவில்லை.

அதுவரை பொங்கலுக்கு நெய், பருப்புக்கு நெய், தோசைக்கு நெய். மற்றவர் இலைக்கு ஒரு கரண்டி என்றால் அம்மை இலைக்கு ஒரு குழிக்கரண்டி. “போதும் அக்கா” என்று அவர் கையைக் குறுக்கே வைத்தால், விரலிடுக்கு வழியாகவே ஊற்றிவிடுவாள்.

தன் பந்தியில் உட்கார்ந்தவர் பசியோடு எழுந்ததில்லை என்பது அவள் பெருமை. அந்தப் பெருமைதான் இப்போது முள்ளாகக் குத்தியது.

அம்மை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அடுக்களையில் சொட்டு எண்ணெய் கிடையாது. கடுகு வெடிக்கவில்லை. அப்பளம் சுடப்பட்டது. இளைய சிஷ்யை செண்பகம் ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டாள்.

“அக்கா, வெண்டைக்காயை வெந்நீர்ல குளிப்பாட்டி அனுப்பியிருக்கீங்க. அப்படியே பவுடரும் போட்டு விட்டிருக்கலாம்லா?”

எல்லோரும் சிரித்தார்கள். உலகம்மாள் சிரிக்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் துணிமணியை மூட்டை கட்டினாள்.

இன்று கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் திட்டம்.

“சொல்லுங்க அம்மை. ஆமான்னா ஆமான்னு சொல்லிருங்க. மூட்டை கட்டி வச்சாச்சு.”

“டாக்டர்கிட்ட நானும் கேட்டேன் அக்கா.”

“என்ன சொன்னாரு?”

“கொழுப்பு மிஞ்சினா ஆபத்து கூடலாம்னாரு. ஆனா ஒருத்தர் வயித்தைக் காட்டி, இதுக்கு இதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதாம்.”

“அப்ப நெய்யாவும் இருக்கலாம்.”

“இருக்கலாம்.”

உலகம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை.

“இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா, அம்மை?”

“தெரியாததை எப்படிக்கா சொல்லட்டும்?”

அம்மை எழுந்தார். தையல் போட்ட இடத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மூலையிலிருந்த வாளியைக் காட்டினார். காலையில் சீவிய பீர்க்கங்காய்த் தோல், வாழைத்தண்டு நார், கீரைத்தண்டு. மேலே இரண்டு கை தவிடு.

“தூக்குங்க. மயிலைக்குப் பசிக்கும்.”

மயிலை மடத்துப் பசு. தொழுவத்தில் வாளியைக் கண்டதும் கழுத்தை நீட்டியது. உலகம்மாள் ஒரு பிடி தோலை அள்ளித் தொட்டியில் போட்டாள்.

“நெய் எதுல இருந்து வருது, அக்கா?”

“இது என்ன கேள்வி? வெண்ணெயில இருந்து.”

“வெண்ணெய்?”

“தயிர்ல. தயிரு பால்ல. பச்சப் பிள்ளைகிட்டக் கேக்குத மாதிரில்லா கேக்குதீங்க!”

“பச்சப் பிள்ளை மாதிரியே சொல்லுங்க. பாலு?”

“இந்தா நிக்காளே, இவகிட்ட இருந்து.”

“இவளுக்கு நெய் ஊத்தினது யாரு?”

உலகம்மாள் வாளிக்குள் பார்த்தாள். தோலும் நாரும் தவிடும்தான்.

மயிலை பீர்க்கங்காய்த் தோலை நறநறவென்று மென்றது.

“காதை வைங்க” என்றார் அம்மை.

“எங்க?”

“இடப்பக்க விலாவுக்குப் பின்னால. பள்ளமா இருக்கு பாருங்க, அங்க.”

வைத்தாள். முதலில் ஈ. பிறகு வாலால் ஓர் அடி. பிறகு ஒன்றுமில்லை. விலகப் போனவள் அப்படியே நின்றாள். மலைக்குப் பின்னால் இடி உருளுவதுபோல ஒரு சத்தம். அடங்கியது. மறுபடியும் உருண்டது.

“அம்மை! உலை கொதிக்குது!”

“ம்.”

“உள்ளுக்குள்ள யாரு சமைக்கா?”

“கண்ணுக்குத் தெரியாத சின்ன உசுருங்க. எண்ண முடியாது. வைக்கோலும் தோலும்தான் அதுகளுக்குச் சோறு. தின்னுட்டு கொழுப்பமிலமா ஆக்கிக் குடுக்குதுக. மயிலை அதை வச்சுத்தான் நிக்கா. நீங்க கடையுத வெண்ணெய்க்கும் அதுதான் முதல்.”

எத்தனை காலம் கடைந்திருப்பாள்! ஒருநாள்கூட மத்தை நிறுத்திவிட்டு இதைக் கேட்டதில்லை. உலகம்மாள் மயிலையின் முதுகை, கோயில் படியைத் தொடுவதுபோலத் தொட்டாள்.

“நமக்கும் உண்டு” என்றார் அம்மை.

“என்னது?”

“அடுக்களை. பெருங்குடல்ல. நம்மால செரிக்க முடியாத நாரெல்லாம் அங்கதான் போகுது. அதுக தின்னுட்டு ஒரு கொழுப்பமிலத்தைக் குடுக்கும். வெண்ணெய் பழசானா ஒரு வாடை வருமே, அதுவேதான். குடல் சுவரு அதை எரிச்சுத்தான் உசுரோட இருக்கு. அந்த விளக்குக்கு எண்ணெய் அது.”

“அப்ப நான் ஊத்தின நெய்?”

“அநேகமா முழுசும் வழியிலேயே செரிச்சிரும். ஆனா நெய் கூடினா, அதைக் கரைக்கப் பித்தமும் கூட ஊறும். அந்தப் பித்தத்துல மிச்சம் கீழ இறங்கும். நாரு இல்லாம பித்தமே வந்துக்கிட்டு இருந்தா, அதையும் சமைச்சிருதுக. அது சுவரைப் புண்ணாக்கும்.”

“அதே உசுருங்களா?”

“அதேதான். போடுத சரக்குக்குத் தக்க சமையல்.”

சமையற்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டு தடவை தீட்டி, மல்லிகைப் பூவாய் வெளுத்த அரிசி. தோல் சீவிய காய். நார் உரித்த தண்டு. அம்மைக்குப் பதமாக இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. அதற்கும் கீழே, இருட்டில், இலை போட்டு உட்கார்ந்திருக்கிறது ஒரு பந்தி. கோடி இலை. முனை தெரியாத பந்தி. பரிமாற ஆள் வரும் வரும் என்று காத்திருக்கிறது.

உலகம்மாளின் குரல் தாழ்ந்தது.

“அம்மை... அவங்க இன்னும் இருக்காங்களா?”

“யாரு?”

“உங்களுக்குள்ள. வெட்டி எடுத்தாங்களே. மிச்சம் இருக்கிற இடத்துல... எழுந்திரிச்சுப் போயிட்டாங்களா?”

அம்மை சிரித்தார். அவள் தலையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல், தையல் தழும்புக்குப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டார்.

காவிச்சேலையின் சோப்பு வாசம். நூலின் சொரசொரப்பு. வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு, எங்கோ தூரத்தில், உலைமூடி ஒன்று மெல்ல ஆடியது.

“கேக்குதா அக்கா?”

உலகம்மாள் காதை எடுக்காமலேயே கையை நீட்டி, மயிலையின் மூக்குக்குக் கீழிருந்து தோலும் தண்டும் கிடந்த வாளியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ம்மா!” என்றது மயிலை.

“அதுக்கும் கொஞ்சம் வைங்க அக்கா” என்றார் அம்மை. “நமக்கு நெய்யும் வேணும்லா?”